எனக்காக நீ மொட்டை எடுக்க வேண்டாம்

தம்பி,

போனை நீ எடுக்க மாட்டேன் என்கிறாய். எடுத்தாலும் என்னைப் பேச விடமாட்டாய். அதனால்தான் கடையிலேயே ஒரு ஓரமாக உட்கார்ந்து எழுதுகிறேன். மக்காச்சோள விதை வாங்க வந்தவர்கள் எல்லாம், "என்ன அண்ணாச்சி, பரீட்சை எழுதுதீங்களா?" என்று கேலி பேசிவிட்டுப் போகிறார்கள். பேசட்டும். இது உனக்கு எழுதுகிற கடிதம்தான், ஆனால் உனக்கு மட்டும் இல்லை. உன் அம்மா படிக்கட்டும், சித்தப்பா படிக்கட்டும், நம் சொந்தத்தில் இன்னும் யாருக்கெல்லாம் இந்த விஷயத்தில் கருத்துச் சொல்ல வாய் ஊறுகிறதோ அவர்களும் படிக்கட்டும். ஒளித்து வைத்து ஒளித்து வைத்துத்தான் இந்த நிலைக்கு வந்து நிற்கிறோம்.

நேற்று நீ கடைசியாகச் சொல்லிவிட்டு வைத்தது காதிலேயே நிற்கிறது. "என் முடிக்காகவா உயிரை வச்சு விளையாடுதீங்க? நான் கேட்டனாப்பா? இப்பவே சலூனுக்குப் போய் மொட்டை போட்டுட்டு வந்து நிக்கேன். அப்புறம் ஆபரேஷனைத் தள்ளிப்போட உங்களுக்கு என்ன சாக்கு இருக்குன்னு பாக்கேன்." நீ செய்தாலும் செய்வாய். கோபம் வந்தால் உனக்கு முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது, என்னைத்தான் கொண்டிருக்கிறாய். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தைப் பிறகு படி. சலூன் பக்கம் போகாதே. நான் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டேன். வருகிற வியாழக்கிழமை, திருநெல்வேலியில். உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு போன் பேச வைத்தாள், அவளிடமே கேட்டுக்கொள்.

இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், கோபப்படாமல் கேள். உனக்கு முடி கொட்ட ஆரம்பித்தபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உன் சித்தப்பாவுக்கு இருபத்தைந்து வயதிலேயே உச்சி வழுக்கையாகிவிட்டது, அவனைக் கொண்டு பிறந்திருக்கிறாய், அவனும் கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்று நன்றாகத்தான் இருக்கிறான் என்று நினைத்தேன். கயத்தாறில் உனக்குப் பெண் பார்க்கப் போன அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நீயும் நானும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தோம். எனக்கு இந்த வயதிலும் சீப்பு உடைகிற அளவுக்கு முடி. பெண்ணின் தாய்மாமன் காப்பியை நீட்டிக்கொண்டே என்னிடம், "இவிய உங்க தம்பியா? மாப்பிள்ளை பின்னாடி வாராவளா?" என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, கண்ணில் பட்டதைக் கேட்டார். நீ சிரித்தாய். காப்பியையும் குடித்தாய். காரில் திரும்பி வரும்போது வழி நெடுக ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். அதற்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டுக்கும் நீ வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னாய், நாங்களும் நம்பினதாகக் காட்டிக்கொண்டோம். உன் மன வேதனை எனக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதே. என் தலையை நானே கண்ணாடியில் பார்க்கக் கூசின நாள் உண்டு.

பிறகு நீ ஒரு நாள் போனில், சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் புது மருந்து ஒன்றைப் பரிசோதிக்கிறார்கள், அதில் சேரப் போகிறேன் என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நான் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அடம்பிடித்து ரயில் ஏறி வந்தேன். அந்த டாக்டர் பெண் சின்ன வயதுதான். ஆனால் என்னை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னது. "முடி கொட்டின இடத்துல எல்லாமே செத்துப் போயிடலை சார். மயிர்க்கால்ல ஸ்டெம் செல் இன்னும் இருக்கு. அதிலிருந்துதான் புது முடி வரணும். அது தூங்கிட்டு இருக்கு. இந்த ஜெல், அந்த செல் சக்தியை எரிக்கிற விதத்தைக் கொஞ்சம் மாத்தும். அதனால அது முழிச்சு வளர ஆரம்பிக்கும்னு எதிர்பார்க்கிறோம்."

எனக்கு அது நன்றாகப் புரிந்தது. கரிசல் காட்டில் விதை விற்கிறவனுக்கு இது புரியாமல் இருக்குமா? மழைக்கு முன்னால் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர் நம்முடையது. விதை மண்ணுக்குள் உயிரோடுதான் கிடக்கும், ஈரம் படாமல் எழுந்திருக்காது. ஆனால் எனக்குப் புரிந்ததால்தான் பயமும் வந்தது. மழை பெய்தால் நான் விற்ற உளுந்து மட்டுமா முளைக்கிறது? காடு முழுக்கக் களையும்தானே முளைக்கிறது. அதையே கேட்டேன். "தூங்குறதை எழுப்புத மருந்துன்னு சொல்லுதீங்க. வேற எதையும் எழுப்பி விட்டுராதா? எழுந்திருச்சது சொன்ன இடத்துல நிக்குமா?" நீ என் காலைத் தட்டினாய். அந்தப் பெண் கோபப்படவில்லை. மருந்து தோலைத் தாண்டி ரத்தத்துக்குள் போகிறதா என்று அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்போம், இதுவரை பயப்படும்படி எதுவும் தெரியவில்லை, ஆனால் பல வருஷம் கழித்து என்ன ஆகும் என்பது இன்னும் யாருக்கும் தெரியாது, தெரியாததைத் தெரியும் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன் என்றது. என் கடைக்கு எத்தனையோ கம்பெனிக்காரர்கள் வந்திருக்கிறார்கள், ஒருத்தர் வாயிலிருந்தும் தெரியாது என்ற சொல்லை நான் கேட்டதில்லை. அது உண்மை பேசுகிறது என்று தெம்பாகவும் இருந்தது, உண்மையே இப்படி இருக்கிறதே என்று பயமாகவும் இருந்தது. இன்றைக்கும் உனக்கு ஒரு தலைவலி என்று கேள்விப்பட்டால் எனக்கு அந்த ஜெல்தான் ஞாபகம் வருகிறது.

அதற்கப்புறம்தான் விதிமுறை எல்லாம் சொன்னார்கள். உன் உச்சியில் ஒரு சின்ன வட்டத்தைக் கத்தரித்து, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளியைப் பச்சை குத்துவார்கள், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தைப் படம் எடுத்து முடியை எண்ணுவார்கள், வேறு எண்ணெய், மருந்து எதுவும் தலையில் படக்கூடாது, அடுத்த வருஷம் சித்திரை வரைக்கும் தலையை மழிக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் நீ தலையாட்டினாய். இந்தக் கடைசி விதியில் மட்டும் நின்றாய். மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு, "வீட்ல யாருக்காவது ஏதாவது ஆயிட்டா?" என்று கேட்டாய். அந்தப் பெண்ணுக்குப் பிடிபடவில்லை. "எங்க ஊர்ல கருமாதிக்கு மகன் மொட்டை எடுக்கணும்" என்றாய். அப்போதுதான் அது என்னைப் பார்த்தது, பார்த்துவிட்டு உடனே பேப்பரைப் பார்த்தது. "அப்படி எதுவும் ஆகாது. ஆனா, அப்படி ஒரு நிலைமை வந்தா நீங்க தாராளமா விலகிக்கலாம். எந்தக் கட்டாயமும் இல்லை" என்றது. நான் பெரிதாகச் சிரித்து, "நான் சித்திரை தாண்டியும் இருப்பேன்லே, நீ கையெழுத்தைப் போடு" என்றேன். நீயும் சிரித்தாய். வெளியே வந்து தோசை சாப்பிட்டோம். நீ அன்றைக்குக் கேட்டது தப்பே இல்லை. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். ஆனால் அந்த 'யாருக்காவது' நான்தான் என்பது எனக்குத் தெரிந்தது, எனக்குத் தெரிந்துவிட்டது என்பதும் உனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து உன் தலைக்கும் என் உயிருக்கும் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது.

உன் தலையின் படத்தை நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது உன் அம்மா அந்தக் கறுப்புப் புள்ளியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "கண்ணு பட்டுரக்கூடாதுன்னு வச்ச பொட்டு மாதிரில்லா இருக்கு" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். சந்தோஷத்தோடு விட்டிருக்கலாம். உனக்குக் கொடுப்பது நிஜ மருந்தா, மருந்தே கலக்காத வெறும் ஜெல்லா என்று உனக்கே தெரியாது, பாதிப் பேருக்கு வெறும் ஜெல்தான் என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லிவிட்டேன். பிடித்துக்கொண்டாள். "என் பிள்ளைக்கு வெறுங்களிம்பைத் தடவி விடுதாங்களா?" என்று ஒரு வாரம் அதே பேச்சு. பிறகு பேச்சு நின்றது. ஏதோ நடக்கிறது என்று எனக்குத் தட்டியது. பார்த்தால் கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சி ஒரு பாட்டிலில் ஊற்றி, சென்னைக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பிவிட்டாள். நான் பஸ் கிளம்புவதற்குள் ஓடிப்போய் அதை வாங்கிக்கொண்டு வந்தேன். "நீங்க ஒரு தகப்பனா?" என்று கேட்டாள். முன்பு ஒரு தடவை எப்போதும்வென்றான் ஊருக்குப் பக்கத்தில், வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரியின் காட்டில், ஒரு பூச்சி மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கப் பாதிப் பருத்திக்கு அடித்துப் பாதியை அடிக்காமல் விடச் சொல்லியிருந்தோம். ஆள் இல்லாத நேரம் பார்த்து அவர் மிச்சப் பாதிக்கும் அடித்துவிட்டார். ஏன் அண்ணாச்சி இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஒரு பிள்ளைக்குச் சோறு போட்டு ஒரு பிள்ளையப் பட்டினி போடச் சொல்லுதீங்களே, எப்படி மனசு வரும்?" என்றார். அன்றைக்கு அவரை வைது தீர்த்தேன். உன் அம்மாவை என்னால் வைய முடியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியதில் மூச்சு வாங்கிக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, அதனாலும் வைய முடியவில்லை.

அந்த மூச்சு வாங்கலுக்குத்தான் திருநெல்வேலிக்குப் போனேன். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். ஆபரேஷனில் ஆபத்து உண்டா என்று கேட்டேன். எந்த ஆபரேஷனிலும் கொஞ்சம் உண்டு, செய்யாமல் இருப்பதில்தான் அதிகம் என்றார். அவர் சொன்ன இரண்டாவது பாதியை நான் காதில் வாங்கவில்லை. கொஞ்சம் உண்டு என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது மனம் தன்னால் கணக்குப் போட்டது. ஆபரேஷனில் எனக்கு ஒன்று ஆகிவிட்டால் உன் தலையில் கத்தி வைத்துவிடுவார்கள். அந்தப் புள்ளியைச் சுற்றி எண்ணி எண்ணி வைத்திருப்பதெல்லாம் ஒரு மழிப்பில் போய்விடும். விலகிக்கொள்ளலாம் என்றுதான் அந்தப் பெண் சொன்னது, மறுபடி சேர்த்துக்கொள்வோம் என்று சொல்லவில்லை. சித்திரை வரை ஓட்டிவிட்டால் போதும், அப்புறம் என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். வீட்டில் வந்து, மாத்திரையிலேயே பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். உன் அம்மா துருவிக் கேட்டபோது விதைப்பு முடியட்டும் என்றேன். பொய்தான். மகனுக்காகச் சொல்கிற பொய் என்று எனக்கு நானே ஒரு பெருமை வேறு.

மிச்சம் உனக்குத் தெரியும். விதை மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போது கடை வாசலிலேயே விழுந்தேன். சித்தப்பா வந்து தூக்கினான். வீட்டில் திருநெல்வேலி ஸ்கேன் சீட்டைத் தேடி எடுத்து, அந்த டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டான். உன் அம்மாவுக்குக் காரணத்தை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள், "சித்திரைக்கா காத்துக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு போட்டது சித்தப்பாதான்.

அவனிடம் அப்போதே பேசினேன். எனக்கு ஒன்று ஆனாலும் பிள்ளை தலையில் கத்தி வைக்க விடமாட்டேன் என்று சத்தியம் பண்ணு என்றேன். "கேக்குறதுக்கே நல்லாவா இருக்குண்ணே? நாலு பேரு என்ன சொல்லுவாவ? தகப்பனுக்கு மொட்டை எடுக்காத பிள்ளைன்னு அவன் காலம் பூரா கேக்க வேண்டாமா?" என்றான். அந்த நாலு பேர் கயத்தாறுக்கு வந்து உனக்குப் பெண் பேசித் தருவார்களா என்று கேட்டேன். "அவனுக்குப் பதிலா நான் எடுத்துக்கிடுதேன். தம்பி எடுத்தா ஆகாதா?" என்றான். உனக்கு எடுக்க அங்கன என்ன இருக்குலே என்றேன். "ஓரத்துல இருக்குல்லா" என்று காதுக்கு மேலே தொட்டுக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் அழுதுவிட்டான். அவனும் இந்தத் தலையோடு பெண் பார்க்கப் போய் உட்கார்ந்தவன்தானே. அப்போதெல்லாம் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், இதே முடியோடு.

ஆகவே எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். வியாழக்கிழமை எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் மகன் கொள்ளி வைக்கட்டும், மற்றக் காரியங்களையும் அவனே செய்யட்டும். அவன் தலையில் யாரும் கை வைக்கக்கூடாது. தகப்பன் சொல்லைக் கேட்டான் என்று வேண்டுமானால் பேசிக்கொள்ளுங்கள். நீயும், வருத்தத்திலோ ரோஷத்திலோ போய்த் தலையைக் கொடுத்துவிடாதே. உன்னுடையது வெறும் ஜெல்லாகவே இருந்தாலும் கடைசி வரை தடவு. அது உனக்கு முடியைத் தராவிட்டாலும், யாரோ ஒரு பையன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வராமல் இருக்க உதவும். உடம்பில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் மட்டும் அன்றைக்கே அந்தப் பெண்ணிடம் சொல், விட்டுவிட்டு வா, முடியாவது ஒன்றாவது. முடி வந்தாலும் வராவிட்டாலும் இனிமேல் பெண் பார்க்கப் போகும்போது முதலில் உன் இப்போதைய போட்டோவை அனுப்புவோம். பழைய போட்டோவைக் கொடுத்தது என் வேலை. அந்தத் தாய்மாமன் மனதில் வேறொரு முகத்தை வைத்துக்கொண்டு காப்பி நீட்டியதற்கு நான்தான் காரணம்.

இவ்வளவு எழுதிவிட்டு முதலிலிருந்து ஒரு தடவை படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை. உனக்காகத் தள்ளிப்போட்டேன் என்று உன் அம்மாவையும் சித்தப்பாவையும் நம்ப வைத்தேன், உன்னையும் நம்ப வைத்தேன், நீயும் பாவம் உன் தலைதான் காரணம் என்று துடித்துக்கொண்டிருக்கிறாய். அது இல்லை. நெஞ்சைத் திறப்பார்கள் என்று டாக்டர் சொன்ன உடனேயே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. உன் முடியைப் பற்றிய நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது, வந்ததும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உன் முடி இல்லாவிட்டால் விதைப்பு, விதைப்பு இல்லாவிட்டால் வேறு ஏதாவது. உன்மேல் ஒரு பழியும் இல்லை. எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது தம்பி. இதை உன் அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. புதன்கிழமைக்குள் வந்துவிடு, என்னோடு இரு.

அப்பா